வாப்பா சபரில், பிள்ளைகள் கனடாவில்: சைல்ட் பெனிஃபிட்டில் யாருடைய வருமானம் கணக்கு?

கனடாவில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு பழைய பழக்கம் புதிய வடிவில் தொடர்கிறது. முன்பு வாப்பா சவூதியிலோ துபாயிலோ இருப்பார். உம்மாவும் பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள். இப்போது வாப்பா அதே வளைகுடாவில்தான் இருக்கிறார். ஊருக்குப் பதிலாக உம்மாவும் பிள்ளைகளும் டொராண்டோவிலோ மிசிசாகாவிலோ இருக்கிறார்கள். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது, எல்லோரும் சேர்ந்து வந்து இறங்கினார்கள், அங்கு இருந்ததைப் போன்ற வேலை இங்கு கிடைக்கவில்லை, வாப்பா மட்டும் திரும்பிப் போனார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடமும் இலங்கையிலிருந்து வந்தவர்களிடமும் இந்தக் கதை உண்டு.

இப்படிப்பட்ட வீடுகளில் ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதியை ஒட்டி வங்கிக் கணக்கில் வந்து விழும் கனடா சைல்ட் பெனிஃபிட் பெரிய உதவி. வாடகையில் ஒரு பங்கை அது தாங்குகிறது. ஆனால் அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: வெளிநாட்டில் இருக்கும் உங்கள் துணைவரின் வருமானம் எவ்வளவு? இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "அவர் கனடாவிலேயே இல்லையே, அவர் சம்பளம் இவர்களுக்கு எதற்கு?" என்று நினைத்துப் பூஜ்ஜியம் போடுகிறவர்கள் உண்டு. "அவர் சம்பளத்தைச் சொன்னால் ஒன்றுமே கிடைக்காது" என்று பயந்து விண்ணப்பிக்காமலே இருப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. ஏன் என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கனடா சைல்ட் பெனிஃபிட் 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தனித்தனியாக இருந்த குழந்தைகளுக்கான உதவித் தொகைகளை ஒன்றாக்கி, வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அதிகமாகவும் கூடிய குடும்பத்துக்குக் குறைவாகவும் கிடைக்கும்படி அமைத்தார்கள். இந்தத் தொகைக்கு வரி கிடையாது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் கணக்கு புதிதாகப் போடப்படும். முந்தைய ஆண்டின் வருமானம்தான் அடிப்படை. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை வரும் பணம் 2024ஆம் ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது.

இங்கே "வருமானம்" என்பது தாயின் வருமானமோ தந்தையின் வருமானமோ மட்டும் அல்ல. சட்டம் பயன்படுத்தும் சொல் "சரிசெய்யப்பட்ட குடும்ப நிகர வருமானம்". கணவன், மனைவி இருவருடைய நிகர வருமானத்தையும் கூட்டி வருவது அது. துணைவர் கனடாவில் வசிக்காதவராக இருந்தாலும் அவருடைய உலக வருமானம் அந்தக் கூட்டலில் சேரும். அதைத் தெரிவிப்பதற்கென்றே கனடா வருவாய் முகமை சி.டி.பி.9 என்ற தனிப் படிவம் வைத்திருக்கிறது. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் துணைவர் கனடாவில் வசிக்காதவராக இருந்தாலும் அந்த ஆண்டுக்கு இந்தப் படிவம் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் போதாது. ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க வேண்டும். இங்கிருக்கும் துணைவர், தமக்கு ஒரு டாலர் வருமானம் இல்லாவிட்டாலும், ஒவ்வோர் ஆண்டும் வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் ஜூலையில் பணம் நின்றுபோகலாம்.

புதிதாக வந்து முதன்முறையாக விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஆர்.சி.66 விண்ணப்பத்துடன் சேர்க்கும் இணைப்புப் படிவத்தில், கனடாவுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் இருவரும் வெளிநாட்டில் சம்பாதித்ததையும் கேட்பார்கள். "அப்போது நாங்கள் இங்கே இல்லையே" என்று அந்தக் கட்டங்களைக் காலியாக விடக்கூடாது.

ஒரு சிறு கணக்கு

பயத்தைப் போக்க எண்களே நல்ல வழி. 2025-26 கொடுப்பனவு ஆண்டில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதிகபட்சம் ஆண்டுக்கு 7,997 டாலர். 6 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைக்கு 6,748 டாலர். குடும்ப நிகர வருமானம் 37,487 டாலர் வரை இருந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். அதற்கு மேல் போகப் போகத் தொகை படிப்படியாகக் குறையும். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, 37,487 டாலருக்கு மேல் 81,222 டாலர் வரை உள்ள வருமானத்தில் 13.5 சதவீதம் குறைப்பார்கள். 81,222க்கு மேல் போனால் 5,904 டாலரும், கூடுதல் வருமானத்தில் 5.7 சதவீதமும் குறைப்பார்கள்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருவர், வயது நான்கும் ஒன்பதும். உம்மா ஒரு கடையில் பகுதி நேர வேலை பார்க்கிறார். ஆண்டுக்கு நிகர வருமானம் 22,000 டாலர். வாப்பா துபாயில் மாதம் 9,000 திர்ஹம் சம்பாதிக்கிறார். 2024ஆம் ஆண்டின் சராசரி மாற்று விகிதத்தில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கனடா டாலர்.

வாப்பாவின் வருமானத்தைப் பூஜ்ஜியம் என்று காட்டினால், குடும்ப வருமானம் 22,000. முழுத் தொகையான 14,745 டாலர் கிடைக்கும். மாதம் சுமார் 1,229 டாலர்.

உள்ளதை உள்ளபடி காட்டினால், குடும்ப வருமானம் 62,000. எல்லையைத் தாண்டிய 24,513 டாலரில் 13.5 சதவீதமான 3,309 டாலர் குறையும். கையில் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 11,436 டாலர். மாதம் 953 டாலர்.

அதாவது, உண்மையைச் சொன்னால் இந்தக் குடும்பம் இழப்பது மாதம் சுமார் 276 டாலர். கிடைப்பது 953 டாலர். "சொன்னால் ஒன்றும் கிடைக்காது" என்பது எவ்வளவு தவறு என்று இதிலேயே தெரியும். வாப்பாவின் சம்பளம் இன்னும் பெரியது, ஆண்டுக்கு ஒரு லட்சம் கனடா டாலர் என்று வைத்துக்கொண்டாலும், குடும்ப வருமானம் 1,22,000 ஆகும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 6,517 டாலர், மாதம் 543 டாலர், ஹலாலாகக் கிடைக்கும். ஒன்டாரியோ போன்ற மாகாணங்கள் தரும் கூடுதல் தொகைக்கும் இதே குடும்ப வருமானம்தான் அளவுகோல். அதற்கான எல்லைகள் மட்டும் வேறு.

வாப்பா ஊரிலேயே இருந்து சம்பாதிப்பவராக இருந்தால் கணக்கு இன்னும் இலகு. கொழும்பில் மாதம் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்றால் 2024இன் விகிதத்தில் அது ஆண்டுக்குச் சுமார் 5,500 கனடா டாலர்தான். மேலே சொன்ன உம்மாவின் 22,000உடன் அதைச் சேர்த்தாலும் 37,487ஐத் தாண்டாது. முழுத் தொகையும் கிடைக்கும். இப்படிப்பட்ட குடும்பம் வருமானத்தை மறைப்பதால் ஒரு சதமும் மிச்சமில்லை, தேவையில்லாத பொய் மட்டுமே மிச்சம்.

"அங்கே வரியே இல்லையே"

வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் வரி இல்லாத வருமானம், வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. படிவம் கேட்பது கட்டிய வரியை அல்ல, ஈட்டிய வருமானத்தை. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதிவிட்டு, ரொக்கமாகக் கிடைக்கும் வீட்டுப்படி, போக்குவரத்துப்படி ஆகியவற்றை விட்டுவிடுவதும் பிழை. ஊரில் உள்ள கடை வாடகையும் உலக வருமானத்தில் அடங்கும்.

இன்னொரு குழப்பம், "அவர் மாதம் 800 டாலர்தான் அனுப்புகிறார், அதைத்தானே எழுத வேண்டும்?" என்பது. இல்லை. கணவர் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் மனைவியின் வருமானமே அல்ல. கணக்கில் வருவது அவர் அனுப்புவது அல்ல, அவர் சம்பாதிப்பது. பத்தாயிரம் சம்பாதித்து இரண்டாயிரம் அனுப்பினாலும் பத்தாயிரம்தான் எழுத வேண்டும்.

தொகையைக் கனடா டாலரில் எழுத வேண்டும். மாதச் சம்பளமாக ஆண்டு முழுவதும் வந்த வருமானத்துக்கு அந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதத்தைப் பயன்படுத்தலாம். எந்த விகிதத்தில் மாற்றினீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இது நியாயமா?

நம் சகோதரர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. அதில் நியாயமும் இருக்கிறது. துபாயில் இருப்பவர் அங்கே ஒரு அறைக்கு வாடகை கொடுக்கிறார். இங்கே குடும்பத்துக்கும் வாடகை கொடுக்கிறார். ஊரில் வயதான உம்மா வாப்பாவுக்கு மருந்துச் செலவுக்கு அனுப்புகிறார். மூன்று இடத்தில் அடுப்பு எரிகிறது. இவை எதையும் படிவம் கழித்துக்கொள்வதில்லை. 40,000 டாலர் என்று எழுதும்போது, அதில் குடும்பத்தின் கைக்கு வருவது பாதிகூட இல்லை என்பது அந்த எண்ணில் தெரியாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே தெருவில் இன்னொரு வாப்பா டொராண்டோவில் டாக்சி ஓட்டி ஆண்டுக்கு 40,000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதற்கு வரி கட்டுகிறார். அவருடைய நிகர வருமானம் வரி கழிப்பதற்கு முந்தைய கணக்கில்தான் சேர்க்கப்படுகிறது. அவரும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்; அதுவும் கழிக்கப்படுவதில்லை. வெளிநாட்டு வருமானத்தைச் சேர்க்கக்கூடாது என்று விதி இருந்தால், வரி கட்டும் டாக்சி ஓட்டுநரின் பிள்ளைகளுக்குக் குறைவாகவும், வரி இல்லாமல் அதே தொகையைச் சம்பாதிப்பவரின் பிள்ளைகளுக்கு அதிகமாகவும் கிடைக்கும். அதை யாரும் நியாயம் என்று சொல்ல முடியாது. இரட்டைக் குடித்தனத்தின் செலவுக்குச் சலுகை வேண்டும் என்று தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கோருவது நம் உரிமை. அது கிடைக்கும்வரை நாமாகவே படிவத்தில் சலுகை எடுத்துக்கொள்வது உரிமை அல்ல.

"பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதலாமா?

இதுதான் மிகவும் ஆபத்தான யோசனை. "அவர் அங்கே, நீங்கள் இங்கே, பிரிந்துதானே இருக்கிறீர்கள், அப்படியே எழுதுங்கள்" என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். சட்டத்தில் பிரிவு என்பதற்கு வேறு பொருள். உறவு முறிந்ததால், குறைந்தது 90 நாட்கள் தனித்து வாழ்ந்தால்தான் அது பிரிவு. வேலைக்காகவோ படிப்புக்காகவோ மருத்துவத்துக்காகவோ வெவ்வேறு நாட்டில் இருப்பது பிரிவு ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறை அவர் வருகிறார், தினமும் பேசுகிறீர்கள், குடும்பம் குடும்பமாகத்தான் இருக்கிறது என்றால் நீங்கள் திருமணமானவர். நிக்காஹ் மட்டும் நடந்தது, அரசுப் பதிவு இல்லை என்பதும் காரணம் ஆகாது. பதிவு இல்லாமல் சேர்ந்து வாழும் துணைவரையும் அந்தச் சட்டம் துணைவராகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

முகமை அவ்வப்போது கடிதம் அனுப்பிச் சரிபார்க்கும். திருமண நிலை, வசிப்பிடம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றுக்கு ஆதாரம் கேட்கும். கூடுதலாகப் பெற்றது தெரிந்தால் திருப்பிக் கேட்கும். கையில் பணம் இல்லையென்றால் இனி வரவேண்டிய கொடுப்பனவிலும் வரித் திருப்பிலும் பிடித்துக்கொள்ளும். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்ததாகக் கண்டால் அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. மேலே பார்த்த குடும்பத்தில் ஆண்டுக்கு 3,300 டாலர் என்றால், மூன்று ஆண்டுகளில் பத்தாயிரத்தை நெருங்கும் கடன் அது. அந்தக் கடிதம் துபாய்க்குப் போகாது. பணம் பெற்றுவந்த மனைவியின் பெயருக்கு வரும். பிள்ளைகளின் செலவுக்கு நம்பியிருந்த பணம் அந்த மாதத்திலிருந்து நின்றுபோகும்.

உண்மையாகவே கைவிடப்பட்ட சகோதரிகளுக்கு

இதற்கு நேர்மாறான நிலையில் இருப்பவர்களும் உண்டு. கணவர் வளைகுடாவுக்குப் போனார். முதலில் பணம் நின்றது, பிறகு போனும் நின்றது. தலாக் என்று யாரும் சொல்லவில்லை, குலாவும் இல்லை. "ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்தில் அந்தச் சகோதரி ஒவ்வோர் ஆண்டும் படிவத்தில் திருமணமானவர் என்றே எழுதுகிறார். கணவரின் சம்பள விவரம் கிடைக்காததால் படிவத்தை முடிக்கவும் முடிவதில்லை. பணம் நின்றுபோகிறது.

உறவு முறிந்து 90 நாட்கள் கடந்துவிட்டால் அவர் பிரிந்தவராகப் பதிவு செய்யலாம். அதற்கு நீதிமன்ற விவாகரத்து வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 90 நாட்கள் முடிந்த பிறகு தெரிவிக்க வேண்டும். பிரிவின் முதல் நாளே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அதன் பின் அவருடைய சொந்த வருமானத்தை மட்டும் வைத்துக் கொடுப்பனவு கணக்கிடப்படும். நிலைமையை அறிந்த மூன்றாம் நபர்களின் கடிதங்கள் ஆதாரமாகக் கேட்கப்படலாம். பள்ளிவாசல் நிர்வாகிகளும் சமூக அமைப்புகளும் இந்த இடத்தில் உதவ முன்வர வேண்டும். உண்மையை எழுதிக் கையெழுத்திடும் ஒரு கடிதம், ஒரு சகோதரியின் வீட்டில் அடுப்பு எரிய வழிசெய்யும்.

"வசிக்காதவர்" என்று எழுதும் முன்

பலர் கவனிக்காத ஒன்று இது. கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார் என்பதாலேயே வரிச் சட்டப்படி அவர் கனடாவில் வசிக்காதவர் ஆகிவிடமாட்டார். கனடாவில் வீடு, மனைவி, பிள்ளைகள் ஆகிய மூன்றும் முக்கியமான வசிப்பிடத் தொடர்புகள். குடும்பத்துடன் வந்து குடியேறி, பிறகு வேலைக்காகத் திரும்பிப் போனவரை முகமை கனடாவில் வசிப்பவராகவே கருத வாய்ப்பு உண்டு. அப்படியானால் அவர் சி.டி.பி.9 படிவத்துடன் நிறுத்திக்கொள்ள முடியாது. இங்கே வரிக் கணக்கைத் தாக்கல் செய்து உலக வருமானம் முழுவதையும் காட்ட வேண்டும். வரியும் வரலாம். நாடுகளுக்கிடையே உள்ள வரி ஒப்பந்தம் இதை மாற்றலாம். ஆனால் எல்லா வளைகுடா நாடுகளுடனும் கனடாவுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை. இந்த இடத்தில் மட்டும் வாட்ஸ்அப் ஆலோசனையை நம்பாமல், வெளிநாட்டு வருமானத்தில் அனுபவமுள்ள ஒரு கணக்காளரிடம் காசு கொடுத்துக் கேட்பது பின்னால் பெரிய செலவைத் தடுக்கும்.

அதுபோல, உம்மாவும் பிள்ளைகளும் நீண்ட காலத்துக்கு ஊருக்கோ வளைகுடாவுக்கோ போய்த் தங்கினால் அதையும் முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பெறுபவர் கனடாவில் வசிப்பவராகவும், பிள்ளை அவருடன் வாழ்வதாகவும் இருப்பது அடிப்படை நிபந்தனை.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் கணவரிடமிருந்து முந்தைய ஆண்டின் சம்பளச் சான்றிதழையும் வங்கி அறிக்கையையும் வாங்கிவிடுங்கள். அரபியில் இருந்தால் மொழிபெயர்ப்பும் எடுத்து வையுங்கள். ஏப்ரல் 30க்குள் இங்கிருப்பவரின் வரிக் கணக்கையும், அதே நேரத்தில் சி.டி.பி.9 படிவத்தையும் அனுப்பிவிடுங்கள். நகல்களை ஆறு ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். மனைவி வெளிநாட்டில் நர்சாக வேலை பார்க்க, கணவர் இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கும் இதே விதிதான்.

இதுவரை விண்ணப்பிக்காதவர்கள் இப்போதும் விண்ணப்பிக்கலாம். கடந்த மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம். 11 மாதங்களுக்கு மேல் பின்னோக்கிக் கேட்டால் கூடுதல் ஆவணங்கள் கேட்பார்கள். ஏற்கெனவே தவறாக எழுதியவர்கள், கடிதம் வரும்வரை காத்திருக்காமல் தாங்களே திருத்திக்கொள்வது நல்லது. முகமையின் கணக்கு தவறு என்று நினைத்தால், முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

கடைசியாக ஒன்று. நம் சபராளிக் குடும்பங்கள் பலவற்றில் கணவரின் சரியான சம்பளம் மனைவிக்குத் தெரியாது. கேட்டால் சண்டை வரும் என்று கேட்பதும் இல்லை. ஊரில் இருந்தவரை அது குடும்ப விஷயமாக இருந்தது. கனடாவில், தெரியாத ஒரு தொகைக்குப் பொறுப்பாகி மனைவி கையெழுத்துப் போடுகிறார். நாளை கடன் கடிதம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கணவரின் சம்பளத்தை அறிந்துகொள்வது இங்கே சந்தேகம் ஆகாது, அவருடைய பாதுகாப்பு. சகோதரர்களே, உங்கள் சம்பளச் சீட்டை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். பிள்ளைகளுக்கு வரும் பணம் ஒரு அமானத். அது குறைவாக வந்தாலும் பரவாயில்லை, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பணமாக வரட்டும். அதில்தான் பரக்கத் இருக்கிறது.